புது ஃபைல் திறக்கப் பழைய ஃபைலை ஏன் தேடுகிறீர்கள்?
வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் டெம்ப்ளேட் பற்றியவை மட்டும் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. வார்ப்புரு என்று தமிழில் நல்ல சொல் இருக்கிறது, ஆனால் கேட்ட எல்லோரும் டெம்ப்ளேட் என்றே எழுதியிருப்பதால் நானும் அப்படியே எழுதிவிடுகிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன், உங்கள் கேள்வி வார்த்தை மாறியிருந்தால் கோபிக்க வேண்டாம்.

விண்டோஸிலிருந்து உபுண்டுவுக்கு மாறி மூன்று மாதம் ஆகிறது. எல்லாம் பழகிவிட்டது, ஒன்றைத் தவிர. ஒரு ஃபோல்டருக்குள் ரைட் கிளிக் செய்தால் 'நியூ ஃபோல்டர்' மட்டும்தான் வருகிறது. புது டெக்ஸ்ட் ஃபைல், புது டாக்குமென்ட் எதுவும் இல்லை. இந்தச் சின்ன வசதிகூட லினக்ஸில் கிடையாதா?

இருக்கிறது. அதை யாரும் நமக்குச் சொல்வதில்லை, அவ்வளவுதான். உங்கள் ஹோம் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், மியூசிக் என்று இருப்பவற்றோடு டெம்ப்ளேட்ஸ் என்று ஒரு ஃபோல்டர் காலியாகக் கிடக்கும். அதற்குள் ஏதாவது ஒரு ஃபைலைப் போடுங்கள். போட்ட பிறகு ரைட் கிளிக் செய்தால் 'நியூ டாக்குமென்ட்' என்ற வரி இருக்கும், அதற்குள் உங்கள் ஃபைலின் பெயரும் இருக்கும். டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டர் காலியாக இருக்கும்வரை அந்த வரியே தலைகாட்டாது. வசதி இருக்கிறது என்பதே தெரியாதவர் அந்த ஃபோல்டருக்குள் எதையாவது போட வேண்டும், போட்டால்தான் வசதி கண்ணுக்குத் தெரியும் என்றால் இது என்ன நியாயம்? எனக்கு இது ரொம்ப நாள் மனக்குறை.

சரி, ஆரம்பிக்க டெக்ஸ்ட் எடிட்டரைத் திறந்து ஒன்றும் எழுதாமல் ஒரு ஃபைலை அங்கே சேவ் செய்யுங்கள். அப்புறம் லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் ஒரு காலி டாக்குமென்ட், கால்கில் ஒரு காலி ஷீட். இதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். ஃபைல் காலியாக இருந்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. நீங்கள் அங்கே வைத்திருக்கும் ஃபைலை அப்படியே நகலெடுத்து, நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் வைப்பதுதான் அந்த மெனு செய்யும் ஒரே வேலை. ஆகவே முகவரி, ஓரங்கள், எழுத்துரு எல்லாம் அமைத்த கடிதம் ஒன்று, தலைப்பு வரிசையும் கூட்டல் சூத்திரமும் ஏற்கெனவே போட்ட ரசீது ஷீட் ஒன்று, கூட்டக் குறிப்புக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால் ரைட் கிளிக்கிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

ஃபைலுக்கு நீங்கள் வைக்கும் பெயரே மெனுவிலும் வரும், பிறக்கும் புது ஃபைலுக்கும் அதே பெயர்தான். அதனால் 'டெம்ப்ளேட்_இறுதி_2' என்றெல்லாம் வைக்காமல் 'கடிதம்', 'ரசீது' என்று வையுங்கள். எண்ணிக்கை கூடினால் டெம்ப்ளேட்ஸுக்குள்ளேயே 'வீடு', 'வேலை' என்று ஃபோல்டர் போட்டுப் பிரிக்கலாம், மெனுவில் அவை உள்மெனுக்களாக விரியும்.

லினக்ஸ் மின்ட்டின் நீமோ, எக்ஸ்எஃப்சிஇயின் துனார் ஆகிய ஃபைல் மேனேஜர்களும் இதே ஃபோல்டரைத்தான் பார்க்கின்றன. கேடிஇ பிளாஸ்மா வைத்திருப்பவர்களுக்கு அதன் ஃபைல் மேனேஜரான டால்ஃபினில் 'கிரியேட் நியூ' மெனு முதலிலிருந்தே நிரம்பித்தான் இருக்கும்.

டெம்ப்ளேட்ஸ் என்ற ஃபோல்டர் எதற்கென்று தெரியாமல் என்றைக்கோ அழித்துவிட்டேன். இப்போது அதே பெயரில் புதிதாக உருவாக்கி ஃபைல் போட்டும் மெனுவில் எதுவும் வரவில்லை.

அழித்தது பெரிய குற்றமில்லை, நானும் ஒரு காலத்தில் அழித்தவன்தான். நீங்கள் அழித்த பிறகு அடுத்த முறை லாகின் ஆனபோது, அந்த ஃபோல்டர் இல்லை என்று சிஸ்டம் கவனித்து, 'டெம்ப்ளேட் இடம் = ஹோம் ஃபோல்டர்' என்று தன் குறிப்பில் எழுதிக்கொண்டிருக்கும். அதற்குப் பொருள், இந்த வசதி வேண்டாம் என்பது. நீங்கள் அதே பெயரில் திரும்ப உருவாக்கினாலும் அந்தக் குறிப்பு தானாக மாறாது.

ஹோம் ஃபோல்டரில் கண்ட்ரோல் + ஹெச் அழுத்தினால் மறைந்திருப்பவை தெரியும். அதில் புள்ளியோடு தொடங்கும் 'கான்ஃபிக்' ஃபோல்டருக்குள் 'யூசர்-டர்ஸ்' என்று தொடங்கும் சின்ன ஃபைல் ஒன்று இருக்கும், அதை டெக்ஸ்ட் எடிட்டரில் திறந்தால் டாக்குமென்ட்ஸுக்கு ஒரு வரி, டவுன்லோடுக்கு ஒரு வரி என்று இருக்கும். டெம்ப்ளேட்ஸ் வரியை மற்ற வரிகளைப் பார்த்து அதே பாணியில் திருத்திவிட்டு, லாக்-அவுட் செய்து திரும்ப வாருங்கள்.

நான் முறைப்படி 'சேவ் ஆஸ் டெம்ப்ளேட்' கொடுத்து உருவாக்கிய ஓடிடி (.ott) ஃபைலைத்தான் அந்த ஃபோல்டரில் வைத்தேன். ரைட் கிளிக்கில் புது ஃபைல் வருகிறது, ஆனால் அதைத் திறந்தால் 'அன்டைட்டில்ட்' என்று வேறொன்று திறக்கிறது. சேவ் செய்தால் இரண்டு ஃபைல் ஆகிவிடுகிறது.

முறைப்படி செய்ததுதான் சிக்கல்! ஓடிடி என்பது டெம்ப்ளேட் வகை ஃபைல். அதைத் திறந்தால் அதன் நகல் ஒன்று பெயரில்லாமல் திறக்க வேண்டும் என்பதே அதன் இலக்கணம். ரைட் கிளிக் மெனுவோ ஏற்கெனவே ஒரு நகலை எடுத்துவிட்டது, ஆக நகலுக்கு நகல் வருகிறது. டெம்ப்ளேட்ஸ் ஃபோல்டருக்குள் எப்போதும் .ott வேண்டாம், வழக்கமான ரைட்டர் டாக்குமென்ட்டையே (.odt) வையுங்கள். ஓடிடி ஃபைல்களுக்கு உரிய இடம் லிப்ரே ஆஃபீஸுக்கு உள்ளே இருக்கும் டெம்ப்ளேட் மேனேஜர், கண்ட்ரோல் + ஷிஃப்ட் + என் அழுத்தினால் திறக்கும். அங்கே ஒரு டெம்ப்ளேட்டை ரைட் கிளிக் செய்து 'செட் ஆஸ் டீஃபால்ட்' கொடுத்துவிட்டால் இனி ஒவ்வொரு புது டாக்குமென்ட்டும் அதிலிருந்தே பிறக்கும்.

விண்டோஸ், வேர்டு. ஒரு நல்ல கடித மாதிரி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து விவரம் நிரப்பி, 'சேவ் ஆஸ்' கொடுக்க மறந்து, மூலத்தின் மேலேயே சேவ் செய்துவிடுகிறேன். இது எனக்கு மட்டும்தான் நடக்கிறதா?

எல்லோருக்கும் நடக்கிறது. விரல் கண்ட்ரோல் + எஸ் அழுத்திய பிறகுதான் மூளைக்கே செய்தி போகிறது. ஃபைலை ரீட்-ஒன்லி ஆக்கச் சிலர் சொல்வார்கள், மூலம் தப்பிக்கும் என்பது உண்மைதான், ஆனால் எக்ஸ்ப்ளோரரில் அதை நகலெடுத்தால் நகலும் ரீட்-ஒன்லியாகவே வந்து நிற்கும், அது இன்னொரு எரிச்சல்.

சரியான வழி, அந்தக் கடிதத்தை 'சேவ் ஆஸ்' கொடுத்து ஃபைல் வகையில் 'வேர்டு டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுப்பது. டாட்எக்ஸ் என்ற வகையில் சேவ் ஆகும். வகையை மாற்றியதும் வேர்டு தானாகவே டாக்குமென்ட்ஸுக்குள் இருக்கும் 'கஸ்டம் ஆஃபீஸ் டெம்ப்ளேட்ஸ்' ஃபோல்டருக்குத் தாவும், தாவட்டும், அங்கேயே வையுங்கள். பிறகு ஃபைல், நியூ என்று போனால் 'பெர்சனல்' என்ற தலைப்பில் உங்களுடையது நிற்கும். அல்லது அந்த டாட்எக்ஸ் ஃபைலை டபுள் கிளிக் செய்தாலே போதும், மூலம் திறக்காது, 'டாக்குமென்ட்1' என்று புது ஒன்று திறக்கும். நீங்கள் கண்ட்ரோல் + எஸ் அழுத்தினால் பெயர் கேட்கும். டெம்ப்ளேட்டையே திருத்த வேண்டுமென்றால் மட்டும் ரைட் கிளிக் செய்து 'ஓப்பன்' கொடுங்கள். டபுள் கிளிக்குக்கும் 'ஓப்பன்' என்பதற்கும் இப்படி வித்தியாசம் இருப்பது பலருக்குத் தெரியாது.

இதே கேள்வியின் வாலாக இன்னொருவர், விண்டோஸின் ரைட் கிளிக் 'நியூ' மெனுவில் தன் மாதிரியைச் சேர்க்க முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும். விண்டோஸ் 95 காலத்திலிருந்து 'ஷெல்நியூ' என்ற பெயரில் ரெஜிஸ்ட்ரிக்குள் (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடம்) அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் அங்கே ஒரு ஃபைல் வகைக்கு ஒரு மாதிரிதான், அதற்காக ரெஜிஸ்ட்ரியில் கை வைப்பதை நான் சொல்ல மாட்டேன். டெம்ப்ளேட் ஃபோல்டரின் ஷார்ட்கட்டை டாஸ்க்பாரில் குத்தி வையுங்கள், போதும்.

ஒருவருக்கு அனுப்பிய கடிதத்தில் இன்னொருவருடைய பெயர் போய்விட்டது. பழைய கடிதத்தை மாற்றி எழுதியதில் வந்த வினை. இதைத் தடுக்க டெம்ப்ளேட் உதவுமா?

உதவும், டெம்ப்ளேட் உண்மையிலேயே டெம்ப்ளேட்டாக இருந்தால். நானே ஒருமுறை ஒரு அலுவலகத்துக்கு அனுப்பிய விலைப்பட்டியலில், மேலே அவர்கள் பெயர், மூன்றாம் பத்தியில் போட்டி அலுவலகத்தின் பெயர் என்று அனுப்பிவிட்டு, அவர்கள் போன் செய்து சிரித்தபோதுதான் எனக்கே தெரிந்தது. சிரித்தார்கள் என்பது அவர்கள் பெருந்தன்மை.

அன்றைக்குத்தான் ஒன்று புரிந்தது. நாம் டெம்ப்ளேட் என்று சொல்லிக்கொண்டு வைத்திருப்பது பெரும்பாலும் யாருக்கோ எழுதிய பழைய கடிதத்தைத்தான். அதில் எல்லா இடமும் நிரம்பியிருக்கிறது, எது மாற வேண்டும், எது மாறக் கூடாது என்று பார்த்தால் தெரியாது. நிரம்பிய இடத்தைக் கண் தாண்டிப் போய்விடும், காலி இடத்தில்தான் இடறும். ஆகவே மாற வேண்டிய ஒவ்வொரு சொல்லையும் எடுத்துவிட்டு அங்கே கண்ணை உறுத்தும்படி ஏதாவது வையுங்கள். நான் வைப்பது மஞ்சள் பூசிய @@@. பெயர் வரும் இடத்தில் '@@@பெயர்', தொகை வரும் இடத்தில் '@@@தொகை'. அனுப்பும் முன் கண்ட்ரோல் + எஃப் போட்டு @@@ என்று தேடுகிறேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்தான் அனுப்புகிறேன். எந்த நிரலிலும், எந்த சிஸ்டத்திலும் வேலை செய்கிற வழி இது.

இதைவிட நேர்த்தியாக வேண்டுமென்றால் வேர்டில் டெவலப்பர் டேபில் 'கன்டென்ட் கன்ட்ரோல்' இருக்கிறது, தட்டினால் முழுப் பெட்டியும் தேர்வாகி நீங்கள் எழுத எழுத நிரம்பும், தேதிக்குக் காலண்டரும் பட்டியலுக்கு டிராப்-டவுனும் உண்டு. லிப்ரே ஆஃபீஸில் 'இன்சர்ட்' மெனுவில் 'ஃபீல்ட்' வழியாகப் போனால் 'பிளேஸ்ஹோல்டர்', 'இன்புட் ஃபீல்ட்' இரண்டும் கிடைக்கும். இரண்டாவதை நிறையப் போட்டுவிட்டு கண்ட்ரோல் + ஷிஃப்ட் + எஃப்9 அழுத்தினால் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வரும். பத்து இடம் நிரப்ப வேண்டிய ஒப்பந்தம் போன்றவற்றுக்கு அது அருமை, நாலு வரிக் கடிதத்துக்கு அதிகம்.

கண்ணுக்குத் தெரியாத பெயரும் ஒன்று உண்டு. ஃபைலின் ப்ராப்பர்ட்டீஸில் எழுதியவர் பெயர், பழைய தலைப்பு எல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுவும் டெம்ப்ளேட்டோடு தலைமுறை தலைமுறையாகப் போகும். வேர்டில் ஃபைல், இன்ஃபோ, 'இன்ஸ்பெக்ட் டாக்குமென்ட்' என்று போய் ஒருமுறை துடைத்துவிடுங்கள். லிப்ரே ஆஃபீஸில் ஃபைல், ப்ராப்பர்ட்டீஸ், 'ரீசெட்'.

டெம்ப்ளேட்டில் தேதி தானாக வரும்படி வைத்தேன். போன வருடம் எழுதிய கடிதத்தை இன்று திறந்தால் இன்றைய தேதி காட்டுகிறது! எழுதிய நாளே தெரியவில்லை.

தானாக வரும் தேதி என்று நீங்கள் கேட்டதைத்தான் வேர்டு கொடுத்திருக்கிறது, அது இன்றைய தேதி. நீங்கள் வேண்டியது பிறந்த தேதி. 'இன்சர்ட்' மெனுவில் 'டேட் அண்ட் டைம்' போட்டு 'அப்டேட் ஆட்டோமேட்டிக்கலி' டிக் செய்தால் திறக்கும்போதெல்லாம் மாறும் தேதிதான் கிடைக்கும். டிக் எடுத்தால் டெம்ப்ளேட் செய்த நாளிலேயே உறைந்துவிடும். இரண்டுமே உங்களுக்கு ஆகாது.

அதற்குப் பதில் 'இன்சர்ட்', 'குயிக் பார்ட்ஸ்', 'ஃபீல்ட்' என்று போய் 'கிரியேட்-டேட்' (CreateDate) என்பதைத் தேர்ந்தெடுங்கள். டெம்ப்ளேட்டிலிருந்து எந்த நாளில் புது டாக்குமென்ட் பிறந்ததோ அந்த நாள் அதில் நிற்கும், பிறகு எத்தனை முறை திறந்தாலும் நகராது. லிப்ரே ஆஃபீஸில் 'மோர் ஃபீல்ட்ஸ்' பெட்டியில் 'டாக் இன்ஃபர்மேஷன்' பக்கத்தில் 'கிரியேட்டட்' என்று இருப்பது இதன் தம்பி.

ஒரு எச்சரிக்கை மட்டும். இந்த வித்தை டாட்எக்ஸ், ஓடிடி போன்ற உண்மையான டெம்ப்ளேட்டிலிருந்து திறந்தால்தான் பலிக்கும். முதல் கேள்வியில் சொன்ன ரைட் கிளிக் மெனு ஃபைலை அப்படியே நகலெடுக்கிறது, உள்ளே பதிந்திருக்கும் பிறந்த தேதியும் மூலத்தினுடையதாகவே வரும். அங்கே தேதிக்கும் @@@தான் நல்லது.

தமிழில் கடித டெம்ப்ளேட் செய்து எழுத்துருவும் வைத்தாயிற்று. புதிதாகத் திறந்து தட்டினால் ஆங்கிலம் நான் வைத்த எழுத்துருவில் வருகிறது, தமிழ் மட்டும் வேறு எதிலோ வருகிறது. ஏன் இந்த ஓரவஞ்சனை?

வேர்டும் லிப்ரே ஆஃபீஸும் ஒவ்வொரு ஸ்டைலுக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட எழுத்துருவைத் தனித்தனியாக வைத்துக்கொள்கின்றன. லத்தீன் எழுத்துக்கு ஒன்று, 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்' என்ற பிரிவுக்கு ஒன்று. தமிழ், அரபி, இந்தி எல்லாம் இந்த இரண்டாவது பிரிவில் அடக்கம். மேலே தெரியும் பெட்டியில் நீங்கள் மாற்றியது முதலாவதை மட்டும்.

லிப்ரே ஆஃபீஸில் முதலில் 'டூல்ஸ்', 'ஆப்ஷன்ஸ்' வழியாக மொழி அமைப்புக்குப் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். அப்புறம் எஃப்11 அழுத்தி 'டீஃபால்ட் பாராகிராஃப் ஸ்டைல்' என்பதை ரைட் கிளிக் செய்து திருத்தினால், எழுத்துருப் பகுதியில் 'சிடிஎல்' என்று தனி இடம் தெரியும். தமிழ் எழுத்துருவையும் அளவையும் அங்கே வையுங்கள். அளவும் தனிதான், ஆங்கிலம் 12 என்றால் தமிழ் 11 வைத்தால் இரண்டும் ஒரே உயரமாகத் தெரியும் எழுத்துருக்கள் உண்டு, கண்ணால் பார்த்து முடிவு செய்யுங்கள். வேர்டில் 'நார்மல்' ஸ்டைலை ரைட் கிளிக் செய்து 'மாடிஃபை', 'ஃபார்மட்', 'ஃபான்ட்' என்று போனால் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' பகுதி இருக்கும். வெளியே வரும்போது கீழே 'நியூ டாக்குமென்ட்ஸ் பேஸ்டு ஆன் திஸ் டெம்ப்ளேட்' என்பதைத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் மாற்றம் இந்த ஒரு டாக்குமென்ட்டோடு முடிந்துவிடும்.

எழுத்துருத் தேர்விலும் கவனம் வேண்டும். லதா விண்டோஸ் 2000-இலிருந்தும், நிர்மலா யூஐ விண்டோஸ் 8-இலிருந்தும் வருபவை. உங்கள் டெம்ப்ளேட் லினக்ஸ் அல்லது மேக் வைத்திருப்பவர் கைக்கும் போகும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் போல எங்கும் இலவசமாக நிறுவக்கூடியதை வையுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் செய்த டெம்ப்ளேட் இன்னும் இருந்தால் அதை யூனிகோடுக்கு மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் உங்கள் கடிதம் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாகத்தான் திறக்கும்.

டெம்ப்ளேட்டில் தலைப்பின் நிறத்தையும் முகவரியையும் மாற்றினேன். ஏற்கெனவே அதிலிருந்து செய்த டாக்குமென்ட்கள் எதுவும் மாறவில்லையே?

மாறாது, மாறாமல் இருப்பதே பெரும்பாலும் நல்லது, போன வருடம் அனுப்பிய கடிதத்தில் இந்த வருட முகவரி வந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நிறம், எழுத்துரு போன்ற ஸ்டைல்களை மட்டும் மாற்ற வழி உண்டு. லிப்ரே ஆஃபீஸில் டெம்ப்ளேட் மேனேஜருக்குள் இருக்கும் டெம்ப்ளேட் என்றால், பழைய டாக்குமென்ட்டைத் திறக்கும்போது ஸ்டைலைப் புதுப்பிக்கலாமா என்று அதுவே கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தினால் அந்த டாக்குமென்ட்டுக்கு மறுபடி கேட்காது. வேர்டில் டெவலப்பர் டேபில் 'டாக்குமென்ட் டெம்ப்ளேட்' பெட்டியைத் திறந்து 'ஆட்டோமேட்டிக்கலி அப்டேட் டாக்குமென்ட் ஸ்டைல்ஸ்' டிக் செய்ய வேண்டும். இரண்டுமே பக்கத்தில் தட்டிய வாசகத்தைத் தொடாது. தலைப்பை ஸ்டைல் போடாமல் கையால் பெரிதாக்கி, கையால் நிறம் பூசியிருந்தால் அதையும் தொடாது.

இணையத்தில் இறக்கிய டெம்ப்ளேட் ஒன்று மேக்ரோ தடுக்கப்பட்டது என்கிறது. தடையை எடுக்கலாமா?

வேண்டாம். இணையத்திலிருந்து வந்த ஃபைல்களில் மேக்ரோவை (ஃபைலுக்குள்ளேயே இருந்து ஓடும் சின்ன நிரலை) மைக்ரோசாஃப்ட் 2022-இல் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது, காரணத்தோடுதான். கடித டெம்ப்ளேட்டுக்கு மேக்ரோ எதற்கு?

மேக்கில் இந்த மாதிரி ஏதும் உண்டா?

அழகாக உண்டு, யாரும் பார்ப்பதில்லை. எந்த ஃபைலையும் தேர்ந்தெடுத்து கமாண்ட் + ஐ அழுத்துங்கள், வரும் பெட்டியில் 'ஸ்டேஷனரி பேட்' என்று ஒரு கட்டம் இருக்கும். டிக் செய்துவிட்டால் அந்த ஃபைலைத் திறக்கும்போது அதன் நகல்தான் திறக்கும், மூலம் பத்திரம். கடிதம், படம், ஷீட் என்று எல்லாவற்றுக்கும் செல்லும். மூலத்தைத் திருத்த வேண்டுமானால் டிக்கை எடுத்துவிட்டுத் திருத்தி, மறுபடி போட வேண்டும்.

இது பழங்கால யோசனை. 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவில் புது டாக்குமென்ட் வேண்டுமென்றால் திரையில் இருக்கும் தாள் கட்டிலிருந்து ஒன்றைக் 'கிழித்து' எடுக்க வேண்டும். மேக்குக்கு 1991-இன் சிஸ்டம் 7-இல் வந்தது. எழுதும் பேடிலிருந்து தாள் கிழித்த யாருக்கும் டெம்ப்ளேட் என்றால் என்னவென்று விளக்கவே வேண்டியதில்லை, அந்த உவமையை ஏன் கைவிட்டார்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

ஒவ்வொரு புது வேலைக்கும் 'வரைவு', 'படங்கள்', 'ரசீது', 'அனுப்பியது' என்று நாலு ஃபோல்டரும் இரண்டு ஃபைலும் உருவாக்குகிறேன். ஃபைலுக்கு இருப்பது போல ஃபோல்டருக்கே டெம்ப்ளேட் வைக்க முடியாதா? உபுண்டுதான்.

டெம்ப்ளேட்ஸுக்குள் ஃபோல்டர் வைத்தால் அது உள்மெனு ஆகிவிடும் என்று முன்பே சொன்னேன், ஆகவே நேரடியாக முடியாது. ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. அந்த நாலு ஃபோல்டரையும் இரண்டு ஃபைலையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து 'புதுவேலை' என்ற பெயரில் ஜிப் ஆக்குங்கள், அந்த ஜிப் ஃபைலை டெம்ப்ளேட்ஸுக்குள் போடுங்கள். சிஸ்டத்துக்கு ஜிப்பும் ஒரு ஃபைல்தானே! ரைட் கிளிக், நியூ டாக்குமென்ட், புதுவேலை, பிறகு வந்த ஜிப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'எக்ஸ்ட்ராக்ட்', அவ்வளவுதான், மொத்தச் சட்டகமும் அதே இடத்தில் விரிந்துவிடும். ஜிப்பை அழித்துவிட்டு ஃபோல்டருக்குப் பெயர் மாற்றுங்கள். பெயரின் தொடக்கத்தில் தேதியை 2025-03-14 என்று வருடம், மாதம், நாள் வரிசையில் போட்டால் பெயர் வரிசையும் கால வரிசையும் ஒன்றாகவே நிற்கும். அந்த இரண்டு ஃபைல்களுக்குள்ளும் @@@ வைத்துவிட்டு ஜிப் செய்யுங்கள், பிறகு செய்தால் மறுபடி முதலிலிருந்து ஜிப் செய்ய வேண்டியிருக்கும்.